கமெரா இல்லாத அறை

இத்தாலியிலை, மொண்டெல்லோக் கடற்கரையிலை நான் வேலை செய்யிற உணவகத்துக்குக் கோப்பை கழுவ வந்த சீன முஸ்லிம், தன்ரை நாட்டிலை அரசாங்க மதக் கல்லூரியிலை இமாமுக்குப் படிச்சவர். வெள்ளைத் தொப்பிக்கு மேலை சமையல் தொப்பி போடுவார். எந்த அறைக்குள்ளை போனாலும் முதலிலை கூரை மூலையளைத்தான் பார்ப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை பங்களாதேஷ் ஆக்கள் தங்கடை தொழுகை அறையிலை பிரசங்கம் செய்ய அவரைக் கூப்பிட்டினம். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எல்லாரும் காத்திருக்க, வாசலிலை நிண்ட என்னட்டை வந்து இத்தாலியனிலை மெல்லக் கேட்டார்.

"கமெரா எங்கை?"

"இஞ்சை கமெரா இல்லை. பயப்பிடாமல் கதையுங்கோ."

அவரின்ரை முகம் வெளிறிப் போச்சு.

"எங்கடை கல்லூரியிலை கமெரா இல்லாத அறையிலைதான் காட்டிக்குடுக்கிற ஆள் இருப்பார். இவையிலை ஆர் அவர்?"

சிரிக்கத்தான் வாய் திறந்தன். ஆனால் என்ரை கண் ஒவ்வொரு முகமாத் தேடத் தொடங்கிட்டுது.