பதினேழாம் எண் குழந்தை

சிவப்பும் வெள்ளையுமாக ஒன்பது மரக்கட்டைகள், ஒரு ஸ்டாப்வாட்ச், ஓரம் மடிந்த படப் புத்தகம், இரண்டு பென்சில், அறிவுத்திறன் சோதனை நடத்தும் முறையை வரிவரியாகச் சொல்லும் ஒரு கையேடு. எல்லாம் ஒரு பழைய ரெக்சின் பைக்குள் அடங்கிவிடும். பள்ளி உளவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த பிறகு முதல் இரண்டு வருடங்கள் அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையில் பஸ் ஏறி இறங்கினேன். பை ஆடும்போதெல்லாம் கட்டைகள் ஒன்றோடொன்று இடிக்கும். ஒருமுறை ஒரு கண்டக்டர், "என்னம்மா, தாயக்கட்டை யாவாரமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். விளக்கம் சொல்லும் தெம்பு அப்போதே போய்விட்டிருந்தது.

எனக்குப் பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆலோசகர் வேலை. பகுதிநேர ஆய்வு என்று பெயர். உண்மையில் அதற்கு என்று நேரம் எதுவும் கிடையாது. சனிக்கிழமைகளும், கெஞ்சி வாங்கிய விடுப்பு நாட்களும்தான். என்ன படிக்கிறாய் என்று உறவுக்காரர்கள் கேட்டு, நான் பள்ளி உளவியல் என்றால், "பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டருக்கா?" என்பார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு ஏன் ஏறவில்லை என்று ஆராய்வது என்று சொன்னால், "நாலு வச்சா ஏறிட்டுப் போவுது" என்று முடித்துவிடுவார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போக மூன்று மணி நேரம். அங்கே நெறியாளரின் அறைக்கு வெளியே கிடந்த இரும்பு பெஞ்சில் ஒரு கையெழுத்துக்காக உட்கார்ந்திருந்த நேரத்தையெல்லாம் சேர்த்தால் இன்னொரு பட்டமே வாங்கியிருக்கலாம்.

அந்த பெஞ்சில்தான், பிறகு நான் அக்கா என்று கூப்பிடத் தொடங்கியவளைச் சந்தித்தேன். செந்துறைக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. வயதில் எனக்கு நான்கு வருடம் மூத்தவள், ஆய்வுப் பதிவில் ஒரு வருடம் இளையவள். இருவருக்கும் ஒரே நெறியாளர். ஒரே திசையில் திரும்பிப் போக வேண்டியவர்கள் என்பதால் பஸ் தோழமை உடனே அமைந்துவிட்டது. பஸ் கிளம்பியதும் தூங்கிவிடுவாள். மடியில் திருத்தாத நோட்டுக் கட்டு கிடக்கும். இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னால் தானாக விழித்துக்கொள்வாள். "டாக்டர் பட்டமெல்லாம் கெடக்கட்டும், ஒரு நாள் பூரா யாரும் என்னையக் கூப்புடாம இருந்தாப் போதும்," என்பாள். வீட்டில் மாமனார் படுக்கையில் இருந்தார். அதைப் பற்றி ஒருமுறைதான் சொன்னாள்.

எங்கள் பயிற்சியில் ஒரு பகுதி, படிப்பில் பின்தங்கிய இருபது குழந்தைகளைத் தனித்தனியாகச் சோதித்து அறிக்கை எழுதுவது. பதினேழாவது குழந்தை ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம், முந்திரிக் காட்டை ஒட்டிய ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புப் படித்த பெண். அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு நாள்தான் விடுப்பு. ஆறு பிள்ளைகளை முடிக்க வேண்டும். அவள் ஆறாவதாக வந்தாள். வெளியில் மழை, ஓட்டின் மேல் சடசடவென்ற சத்தம். மாதம் முடிவதற்குள் அறிக்கைகளைக் கொடுக்காவிட்டால் நெறியாளர் அரையாண்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டார். கையேட்டில் எழுதியிருப்பதை ஒரு சொல் மாறாமல் வாசிக்க வேண்டும் என்பது விதி. நான் தலையைக் குனிந்து வாசித்தேன், ஸ்டாப்வாட்சை அழுத்தினேன், மதிப்பெண்ணைக் குறித்தேன். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். பயந்த பிள்ளைகள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

படிவத்தில் செவித்திறன் என்று ஒரு கட்டம் உண்டு. கூட வந்திருந்த அப்பாவிடம் கேட்டேன். "அதெல்லாம் நல்லாக் கேக்கும்ங்க. கூப்புட்டா ஓடியாருவா," என்றார். "இயல்பு" என்று எழுதினேன். பஸ்ஸுக்கு இருபது நிமிடம்தான் இருந்தது.

மொத்த மதிப்பெண் மிகக் குறைவாக வந்தது. அறிவுத்திறன் குறைபாடு இருக்கலாம் என்று எழுதி, ஒரு பிரதியைப் பள்ளிக்கும் ஒரு பிரதியை அப்பாவுக்கும் அனுப்பினேன். சுத்தமான, பிழையில்லாத அறிக்கை. மொழிநடை நன்றாயிருப்பதாக நெறியாளரே சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து, அரியலூர் போகும் பஸ்ஸில், சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது அக்கா என் கோப்பை வாங்கிப் புரட்டினாள். தன் அறிக்கைகளை எப்படி எழுதுவது என்று பார்க்கத்தான் கேட்டாள். அன்று அவள் தூங்கவில்லை. பதினேழாவதில் நின்று, முன்னும் பின்னும் புரட்டி, மறுபடி அதற்கே வந்தாள்.

"ஏம்மா, படத்துல என்ன கொறையுதுன்னு கண்டுபுடிக்கிறதுல இந்தப் புள்ள எல்லாத்தயும் சரியாச் சொல்லிருக்கே?"

"ஆமாக்கா. அதுல மட்டும் நல்லா செஞ்சா."

"கட்டை அடுக்குறதும் நல்லாத்தான் செஞ்சிருக்கு. மூணு நம்பரத் திருப்பிச் சொல்றதுல சைபர். கேள்விக்குப் பதில் சொல்றதுல சைபர்." கோப்பை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ சொன்னது அதுக்குக் கேட்டுச்சா?"

எனக்கு ஓட்டின் மேல் பெய்த மழைதான் நினைவுக்கு வந்தது. இறங்கும்போது அக்கா, "வர்ற சனிக்கெழம போவோம்," என்றாள்.

போனோம். முதலில் பள்ளிக்குச் சென்றோம். அந்தப் பெண் வருவதில்லை என்றார் தலைமையாசிரியர். உங்கள் அறிக்கை வந்த வாரமே நிறுத்திவிட்டார்கள் என்றார், குற்றம் சாட்டும் தொனி எதுவும் இல்லாமல். விசாரித்து வீட்டுக்குப் போனோம். வாசலில் அம்மாவும் பெண்ணும் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெண்ணின் விரல்களில் கொட்டைப்பால் பட்டுத் தோல் கறுத்து உரிந்திருந்தது. அக்கா பெண்ணுக்குப் பின்னால் போய் நின்று, வீட்டில் பேசும் குரலில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பெண் கொட்டையை உடைத்துக்கொண்டே இருந்தாள். இன்னும் கொஞ்சம் உரக்க. இல்லை. மூன்றாவது முறை கூப்பிட்டபோது அம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அம்மா நிமிர்ந்ததைப் பார்த்துப் பெண் திரும்பினாள்.

மூன்று வயதிலிருந்து காதில் சீழ் வடிகிறதாம். "எல்லாப் புள்ளைக்கும் வர்றதுதானேன்னு எண்ணெயக் காய்ச்சி வுட்டோம்ங்க. டவுன்லேருந்து படிச்சவங்க வந்து பாத்துட்டுப் படிப்பு வராதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்கன்னு இவங்கப்பாதான் நிறுத்திப்புட்டாரு," என்றார் அம்மா. அப்பா அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் என்னை அடையாளம் கண்டிருப்பார். நான் வாயைத் திறந்து, "அந்த அறிக்கையில ஒரு தப்பு நடந்துபோச்சும்மா, திருத்திக் குடுக்க வந்துருக்கோம்," என்றேன். எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அக்கா, "நடந்துபோச்சுன்னா? அதுவாவா நடந்துச்சு?" என்றாள். பிறகு தூங்கிவிட்டாள்.

அம்மாவோடு பெண்ணைக் கூட்டிப்போய் அரியலூரில் காது டாக்டரிடம் காட்டினோம். இரண்டு செவிப்பறைகளிலும் ஓட்டை. ஒரு பக்கம் கொஞ்சம் கேட்கும், இன்னொரு பக்கம் ஏறக்குறைய இல்லை. மருந்து, அப்புறம் ஒரு முகாமில் காதுக் கருவி. அறிக்கையைத் திரும்பப் பெற்று, புதிதாகச் சோதித்து எழுதிக் கொடுத்தேன். பள்ளியில் முன்வரிசையில் உட்கார வைக்கச் சொல்லி அக்காவே தலைமையாசிரியரிடம் பேசினாள். பெண் மறுபடி பள்ளிக்குப் போகத் தொடங்கினாள்.

நெறியாளரிடம் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு கேஸ்தானே? அதை எடுத்துட்டு வேற ஒண்ணைப் போடுங்க. இதெல்லாம் பெரிசு பண்ணாதீங்க," என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்குக் கீழே எட்டுப் பேர், எல்லோருக்கும் கெடு. அவர் சொன்னபடியே செய்துவிடலாம் என்றுதான் வெளியே வந்தேன். பெஞ்சில் இருந்த அக்கா கேட்டுவிட்டு, "மத்த பத்தொம்பது பேருக்கும் காது கேக்குதான்னு பாத்தியா?" என்றாள். பார்க்கவில்லை. பத்தொன்பது படிவத்திலும் அந்தக் கட்டத்தில் ஒரே சொல், ஒரே கையெழுத்து.

இருபது குழந்தைகளையும் மறுபடி பார்க்க ஒன்றரை வருடம் ஆனது. காது, கண், அதன்பிறகுதான் கட்டைகள். இரண்டு பேர் குடும்பத்தோடு ஊரைவிட்டே போயிருந்தார்கள். ஒரு பையனுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று கண்டோம். மற்றவர்களின் அறிக்கைகளில் பெரிய மாற்றமில்லை. ஏறக்குறைய எல்லாச் சனிக்கிழமையும் அக்கா கூட வந்தாள். வரதராஜன்பேட்டை, ஜெயங்கொண்டம், செந்துறை என்று மினி பஸ்ஸுக்காக மரத்தடியில் நின்றோம். உங்கள் ஆய்வு என்ன ஆச்சு என்று நான் கேட்கும்போதெல்லாம், "நடக்குது, நடக்குது," என்பாள். அதற்குள் அவளுக்குத் தலைமையாசிரியை பதவி உயர்வு வந்தது. மாமனார் காலமானார். ஒருநாள் அவளுடைய பதிவுக் காலம் முடிந்துவிட்டதாகப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. நீட்டிக்க விண்ணப்பிக்கச் சொல்லி நான் படிவத்தைக்கூடக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "விடும்மா. ஒடம்பு கேக்க மாட்டேங்குது," என்றாள். அந்தச் சனிக்கிழமைகளைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாயிருந்திருக்கும்.

என் வாய்மொழித் தேர்வு போன வருடம் நடந்தது. அது பொதுவில் நடப்பது; யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நண்பர்கள் இரண்டு பேரிடம் முன்பே கேள்வியைக் கொடுத்து வைப்பார்கள். நானும் அப்படித்தான் கொடுத்து வைத்திருந்தேன். வெளித்தேர்வாளரின் கேள்விகளுக்கு, அட்டவணைகளுக்கு, முறையியலுக்கு எல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னேன். அவையிலிருந்து வேறு யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டபோது கடைசி வரிசையில் அக்கா எழுந்தாள். அவள் வந்ததையே நான் கவனிக்கவில்லை. விடியற்காலையில் கிளம்பி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"பதினேழாவது கேஸ்ல ஒரு பொண்ணு வருதே, அந்தப் பொண்ணு இப்ப என்ன பண்ணுது?"

நான் அவள் வீட்டுப் பக்கம் போய் மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆய்வேட்டில் அவளுக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தேன்.

"தெரியலங்க," என்றேன்.

வெளித்தேர்வாளர் ஏதோ எழுதிக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள். சால்வை போட்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள், அக்காவும் தட்டினாள். பிறகு நடைபாதையில், இனிப்பும் காரமும் வைத்த காகிதத் தட்டோடு அவள் நின்றிருந்தாள். எனக்குக் கோபமாக இருந்தது. "ஏங்க்கா, எல்லாரு முன்னாலயும் என்னைய மாட்டிவிடணும்னே கேட்டீங்களா?" என்றேன்.

அவள் நிஜமாகவே திகைத்துப்போனாள். "எனக்கும் தெரியாதும்மா. உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுல்ல கேட்டேன்."

அடுத்த சனிக்கிழமை இருவரும் போனோம். மினி பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது அக்கா இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். வீட்டுக்கு முன்னால் புதிதாகத் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். அதன் அடியில் அம்மா மட்டும் உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். அக்காவை உடனே தெரிந்துகொண்டார். "வாங்க டீச்சர், எம்மா நாளாச்சு," என்று எழுந்தவர் என்னைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"நீங்க எந்த டீச்சரு? மொத எழுதிக் குடுத்தாங்களே அவங்களா, அப்பறம் வந்து திருத்திக் குடுத்தவங்களா?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. கொட்டகையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் நான்தாம்மா," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தபடி நின்றார். கறுத்துப்போன விரல்களைப் புடவைத் தலைப்பில் மெதுவாகத் துடைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் தோன்றியது. அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அக்காவுக்குப் போட்டார். மறுபடி உள்ளே போனார். எனக்கு ஒரு பாய் கொண்டுவந்தார்.

"ஒக்காருங்க. பாப்பா ஸ்பெசல் கிளாசுக்குப் போயிருக்கு. பத்தாவதுல்ல. அஞ்சு மணிக்குத்தான் வரும்."

கடைசி மினி பஸ் நாலரைக்கு. அக்காவிடம் மெதுவாக அதைச் சொன்னேன்.

"போவட்டும் வுடு," என்று அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள்.