காரணத்தை எழுதச் சொன்ன சுலோசனா சிஸ்டர்

நேற்று காலை ஷிப்டுக்குள் நுழையும்போதே வாட்ச்மேன் சொன்னார்: "ஏகாம்பரம், நம்ம சிஸ்டரு போயிட்டாங்கபா." எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சுலோசனா சிஸ்டர் அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியின் முதலுதவி அறையில் நர்ஸாக இருந்தவர். ஓய்வு பெற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

எண்பதுகளில் எனக்கு முலாம் பூசும் பிரிவில், ஆசிட் தொட்டிப் பக்கம் வேலை. மாதத்தில் நாலு நாள் இருமலில் படுத்துவிடுவேன். லீவு லெட்டரில் எல்லோரையும்போல "காய்ச்சல்" என்று எழுதுவேன். காய்ச்சல் என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை. கையெழுத்து வாங்கப் போனபோது சிஸ்டர் மட்டும் லெட்டரைத் திருப்பி நீட்டினார்.

"உனக்கு இன்னா பண்ணுதோ அத எழுதுப்பா. எங்க நின்னா பண்ணுதுன்னும் எழுது."

பயந்துகொண்டேதான் எழுதினேன்.

அந்தச் சமயம் புதிதாக வந்த மேனேஜர், அடிக்கடி லீவு போடுகிறவர்களின் பெயர்களை கேட் பக்கம் கரும்பலகையில் எழுதவைத்தார். வெட்கப்பட்டாவது வேலைக்கு வருவோமாம்! என் பெயர்தான் முதலில். இன்னொரு நாள் லீவு போட்டால் வேலை போய்விடும் என்றும் சொல்லிவிட்டார். வீட்டில் இரண்டு குழந்தைகள்.

மறுநாள் சிஸ்டர் சாக்பீஸோடு வந்தார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த ஆள் வேலை செய்யும் இடத்தை எழுதினார். ஒன்பது பேரில் ஏழு பேருக்கு ஆசிட் தொட்டி. ஷிப்டு முடிந்த கூட்டம் நின்று படித்தது.

மேனேஜர் கத்தினார்: "உடனே அழிங்க!"

"பேர நீங்க எழுதுனீங்க, காரணத்த நான் எழுதுனேன். எழுதுனத அழிக்கமாட்டேன் சார். இத்தினி பேரு பாக்கசொல்ல நீங்களே அழிங்க."

மேனேஜர் அழிக்கவில்லை. புகையை இழுக்கும் ஃபேன் வரும்வரை தொட்டிப் பக்கம் போகமாட்டோம் என்று நாங்கள் ஏழு பேரும் வெளியே உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் ஃபேன் வந்தது. என் வேலையும் பிழைத்தது, நெஞ்சும் பிழைத்தது. சிஸ்டருக்கு மெமோ கொடுத்தார்கள். அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மருந்து அலமாரியின் காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

நேற்று லீவு லெட்டரில், "சுலோசனா சிஸ்டரை வழியனுப்ப" என்று எழுதினேன். டைம் ஆபீஸ் கிளார்க் தயங்கினார்.

"சொந்தக்காரங்க செத்தாதான் லீவுண்ணே. காய்ச்சல்னு மாத்திக் குடு."

"அழிக்கமாட்டேன்பா" என்றேன்.

மண்ணூர்பேட்டையில் சிஸ்டர் வீட்டு வாசலில் அந்த ஏழு பேரும் நின்றோம், ஒருவர் குறையாமல். ஏழு லெட்டரிலும் ஒரே காரணம். போய் வாருங்கள் சிஸ்டர், ஒருவரும் காய்ச்சல் என்று எழுதவில்லை.