பூ எடை கேட்ட குரல்

எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை கணினிப் பாதுகாப்புப் பயிற்சி என்று உட்காரவைத்து உயிரை எடுப்பார்கள். திரையில் 'சோஷியல் இன்ஜினியரிங்' என்று போடுவார்கள். மரியாதையாகப் பேசி ஏமாற்றுவதற்கு இம்மாம் பெரிய பெயர். அந்தப் பாடத்தை நான் பத்து வயதிலேயே சேவுகம்பட்டியில் படித்துவிட்டேன்.

எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். வீட்டுக்கு ஒரே போன். எல்லாரும் பூ எடுக்கப் போனால் போன் என்னிடம் இருக்கும். பூக்கடைக்காரர் கூப்பிட்டு எடை கேட்பார். அம்மா எழுதிவைத்த சீட்டைப் பார்த்துச் சொல்வேன். பிசகாமல் சொல்கிறேன் என்று அவர் பாராட்டுவார். போனில் கேட்டால் எண்ணை வாசிப்பதுதான் நல்ல பிள்ளைக்கு அழகு என்று நம்பியிருந்தேன்.

அந்த வருடம் அக்காவுக்கு இன்ஜினியரிங் கலந்தாய்வு. எந்தக் கல்லூரி வேண்டும் என்று இணையதளத்தில் வரிசையாகக் குறித்து, கடைசி நாள் ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும். அப்பா ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார்: "கவர்மென்ட் காலேஜ் கெடச்சாப் போ. இல்லையா, பூ எடு."

கடைசி நாள் காலையில் போனில் ஒரு குரல். "கவுன்சிலிங் ஆபீஸ்ல இருந்து பேசுறேன் பாப்பா. அக்கா சீட்டுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், பாத்துச் சொல்றியா கண்ணு?"

சொன்னேன். ஆறு எண்கள், இரண்டு தடவை, தெளிவாக.

மதியம் அக்கா போனை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு வத்தலக்குண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனாள். பாஸ்வேர்ட் செல்லவில்லை.

"ஓடிபி யாருக்காச்சும் சொன்னியாம்மா?" என்றார் கடைக்கார அண்ணன்.

விஷயம் இதுதான். பாஸ்வேர்ட் என்பது சாவி. அது தொலைந்துவிட்டது என்று யாராவது சொன்னால், கேட்பது உரியவர்தானா என்று பார்க்க, அவர் போனுக்கு ஒருமுறை மட்டும் செல்லும் எண் வரும். அதுதான் ஓடிபி. ஒரு தனியார் கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் தரகன் அக்கா பெயரில் சாவி தொலைந்ததாகச் சொல்லியிருக்கிறான். நான் எண்ணை வாசித்தேன். அவன் புதுச் சாவி போட்டு, பட்டியலை அழித்து, அந்தக் கல்லூரியை மட்டும் எழுதிவிட்டான். உறுதி செய்ய இன்னொரு எண் வேண்டும்; அதை அவன் இன்னும் கேட்டிருக்கவில்லை. அதனால்தான் தப்பித்தோம்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வெளியே பஸ்ஸைப் பார்த்தேன்.

அண்ணனும் அதே வழியில்தான் சாவியை மாற்றினார். வந்த எண்ணை அக்கா உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு தானே அடித்தாள். மூன்றரை மணிக்குப் பழைய பட்டியல் உறுதியானது.

வீடு வந்து சேர்ந்ததும் போன் அடித்தது. அப்பா எடுத்தார். காலையில் சொன்னதுபோல இன்னொரு நம்பரும் வேண்டும் என்றது அதே குரல். அவன் ஏமாற்றுக்காரன் என்று அக்கா சொன்னதும் அப்பா கேவலமாகத் திட்டி வைத்துவிட்டு, "காலைல நம்பரச் சொன்னது யாரு?" என்றார்.

"நாந்தாம்ப்பா," என்றாள் அக்கா.

"இம்புட்டு வெவரங்கெட்டவள எப்படி அம்புட்டுத் தூரம் அனுப்புறது?"

இரண்டு நாள் அவளிடம் அவர் பேசவில்லை. சீட்டு கிடைத்த பிறகும், அம்மா கெஞ்சிய பிறகுதான் அப்பா அனுப்பினார். நானோ அன்று நிம்மதியாக இரண்டு தட்டுச் சோறு தின்றேன். பெரிய பிள்ளைகளைத் திட்டினால் வலிக்காது என்று நினைத்தேன். அந்த ஒரு சொல்லில் தன் படிப்பையே எனக்காகப் பணயம் வைத்தாள் என்பது உறைக்கவில்லை.

மறுநாள் பூ எடுக்கக் கிளம்பும்போது அக்கா போனை வழக்கம்போல என் கையில் கொடுத்தாள்.

"பூ எடை மட்டும் சொல்லு, என்ன."

நடந்ததை மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.