கவுன்சிலருக்கு மூன்று வரி

போன வாரம் ஒரு மாலை. காலிங் பெல் அடித்தது. திறந்தால்... தணிகாசலம். எங்கள் கிழக்குத் தாம்பரம் வார்டின் முன்னாள் கவுன்சிலர். கூட ஆள் இல்லை, பெரிய கும்பிடு இல்லை. கையில் போன் மட்டும்.

"சார், என் பேரைத் தட்டிப் பாருங்க," என்றார்.

தட்டினேன். இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் அவருக்கு ஒரு பக்கம் இருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற வகை. ஆரம்பித்தது அவருடைய ஆட்கள்தான் — 'ஏரியைக் காத்த ஏந்தல்' என்று. எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? 'ஏரியை மூடி மனை போட்டவர்' என்று மாற்றிவிட்டது. இவர்கள் திருப்பி மாற்ற, அவர்கள் மறுபடி மாற்ற...

திட்டு வாங்குவது அவருக்குப் புதிதல்ல. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வண்டலூரிலிருந்து மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். இப்போதெல்லாம் ஜாதகத்தைப் பார்க்கும் முன்பே பெயரைத் தட்டிப் பார்த்துவிடுகிறார்களே! மாப்பிள்ளையின் அப்பா கண்ணில் அந்த மனை பட்டால்?

இந்தப் பக்கங்களைச் சரிபார்ப்பவர்களில் ஒருவர், எங்கள் அடுத்த தெரு ஸ்டெல்லா டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு, வீட்டுக்கு வந்தால் சம்பளமில்லாத இந்த வேலை. நீங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர், நீங்கள் சொன்னால் டீச்சர் கேட்பார் என்று என்னையும் கிளப்பிக்கொண்டு போனார் தணிகாசலம்.

டீச்சர் பொறுமையாகக் கேட்டார். மனை போட்டதற்கு ஆதாரம் எதுவும் இல்லையே என்று அங்கேயே அந்த வரியை எடுத்தார். தணிகாசலம் முகம் மலர்ந்தது. அடுத்து, ஏரியைக் காத்த வரியையும் எடுத்தார். மலர்ந்தது வாடியது.

"இன்னா டீச்சர்... அது ஊருக்கே தெரியுமே."

"ஊருக்குத் தெரியும்ண்ணா. வெளியூர்க்காரர் எதைப் பார்த்து நம்புவார்?"

தணிகாசலம் சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்தார். ஞாயிறுதோறும் வாசலில் வந்து விழுமே, இலவச ஏரியா பேப்பர், அது. ஏரிச் செய்தி, படத்தோடு. டீச்சர் மடிப்பைப் பிரித்தார். கீழ்ப் பாதியில் தணிகாசலத்துக்குப் பிறந்தநாள் வாழ்த்து — முழு அகல விளம்பரம். மேலே இருக்கும் செய்தியும் நீங்கள் கொடுத்ததுதானே என்று கேட்டார். மனிதர் சிரித்துவிட்டார்.

சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பினார். "சார், உங்க பத்தியில ஒரு வரி எழுதிடுங்க. டீச்சர் அதையே ஆதாரமா காட்டிக்குவாங்க."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மழையில் எங்கள் தெரு மிதந்தபோதெல்லாம் முழங்கால் தண்ணீரில் வந்து நின்றவர். ஒரு வரி எழுதினால் என்ன? டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏரி விஷயத்தை நீங்க நேர்ல பார்த்தீங்களா சார்?"

பார்க்கவில்லை. அவர் சொல்லிக் கேட்டதுதான். அவர் சொன்னதை நான் எழுதி, நான் எழுதியதை டீச்சர் காட்டி... சுற்றிச் சுற்றி வந்தால் கடைசியில் நிற்பது அவர் வாய்தானே?

மிஞ்சியது மூன்று வரி. பெயரும் ஊரும். கவுன்சிலராக இருந்தார். அடுத்த தேர்தலில் தோற்றார். எல்லாமே நாளிதழ்களில் வந்த செய்தி. இரு தரப்பும் இனிக் கைவைக்க முடியாதபடி அந்தப் பக்கத்தைப் பூட்டவும் ஏற்பாடு செய்தார் டீச்சர்.

"தோத்ததை மட்டும் எடுத்துடும்மா," என்று கெஞ்சினார் தணிகாசலம். "சம்பந்தி வூட்ல படிச்சா பேஜாராப் பூடும்."

"ஜெயிச்சதை வெச்சா தோத்ததையும் வைக்கணும்ண்ணா. காபி ஆறுது, குடிங்க."

ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார். எனக்குப் பஜ்ஜி இறங்கவில்லை. தணிகாசலம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களைப் பத்தி இதுல படிச்சேங்க," என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "அரசியல் குடும்பம்னதும் எனக்குக் கொஞ்சம் யோசனையாத்தான் இருந்தது. ஆனா தோத்ததைக்கூட மறைக்காம போட்டிருக்கீங்களே... யாருங்க போடறா?"

தணிகாசலம் தோளில் இருந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். "மறைச்சு இன்னாங்க ஆகப்போவுது?"

நிச்சயத்துக்கு நாள் பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

நம் பெருமையை எழுதினால் ஊர் சந்தேகப்படுகிறது. தோல்வியை எழுதினால் மீதியையும் சேர்த்து நம்பிவிடுகிறது. அதை நாமேதான் எழுதியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை பாருங்கள்!