கரும்பாகப் போன கேண்டி கேன்

இரண்டாவது பிரசவத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கும்போதே என் மனைவியைப் பாலசமுத்திரத்தில் அவள் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட வேண்டியதாயிற்று. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, படி ஏறக் கூடாது, முடிந்தவரை படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீடு திண்டுக்கல்லில் பேகம்பூர்ப் பக்கம், மாடியில். கீழே என் கடை. பைக், ஸ்கூட்டர்களுக்கு சீட் கவர் தைக்கிறேன். படி ஏறாமல் எங்கள் வீட்டுக்குள் போக வழியில்லை.

மகளுக்கு அப்போது ஐந்து வயது, யுகேஜி. அவளையும் தாயோடு அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். "நான் வரல. எனக்கு டான்ஸ் இருக்கு," என்றாள். பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா. அவள் வகுப்பில் எட்டுப் பிள்ளைகளை ஆடுவதற்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதில் இவளும் ஒருத்தி.

ஆக, நானும் அவளும் மட்டும் குடித்தனம் நடத்தினோம். ரெக்சினில் கோணாமல் தையல் ஓட்டுகிற என் கைக்கு, அவள் தலையில் வகிடு நேராக எடுக்க வரவில்லை. தினமும் ஒரு சடை மேலே, ஒரு சடை கீழே என்றுதான் பள்ளிக்கூடம் போனாள். ரசமும் சோறும், வெஞ்சனத்துக்கு முட்டையும் என்று நாள்கள் ஓடின. அவள் ஒன்றும் குறை சொல்லவில்லை. பள்ளி விட்டு வந்ததும் கடையில் அடுக்கி வைத்திருக்கும் ஸ்பாஞ்சு மீது ஏறி நின்று டான்ஸ் பழகுவாள். கையை மேலே தூக்கி இரண்டு ஆட்டு, இடுப்பில் வைத்து ஒரு சுற்று, அப்புறம் தோளைக் குலுக்கி முன்னால் நாலு அடி. தைத்துக்கொண்டே பார்த்துப் பார்த்து எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

நடுவில் இரண்டு நாள் காய்ச்சலில் பள்ளிக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டு வந்தவளின் டைரியில் மிஸ் ஏதோ எழுதியிருந்தார். டைரி படிப்பதெல்லாம் என் மனைவியின் வேலை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு வேஷத்தோடு ஒத்திகை என்பது வரை புரிந்துவிட்டது. வேஷம் என்னவென்று போட்டிருந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டேன். கேண்டி கேன்.

அப்போது கடையில் தன் வண்டிக்காக ஒரு கல்லூரிப் பையன் காத்திருந்தான். அவனிடம் கேட்டேன்.

"கேண்டின்னா மிட்டாய்ண்ணே. கேன்னா கரும்பு. சுகர்கேன்னு சொல்றோம்ல," என்றான்.

மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மிஸ் என்ன தாயி சொன்னாங்க?"

"நீட்டமா இருக்கும்னாங்க. இனிக்குமாம். கடிச்சுத் திங்கலாமாம்."

"அப்பக் கரும்பா?"

செத்த நேரம் யோசித்தாள். "ஆமாத்தா, கரும்புதான்," என்றாள். என்னை அவள் அத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மார்கழி பிறந்துவிட்டது, அடுத்த மாதம் பொங்கல். இரண்டையும் சேர்த்துக் கொண்டாடுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் மனைவி போனில் பேசியபோது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் இல்லாமலும் இதையெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன் என்று காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்குள் இருந்தது. அதை இப்போது ஒத்துக்கொள்வதில் வெட்கம் இல்லை.

ஆசையாசையாகத் தைத்தேன். கருஞ்சிவப்பு ரெக்சினில் கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரு குழாய். சாணுக்கு ஒரு கணு, அதற்குக் கறுப்புப் பட்டி. பச்சை ரெக்சினை நீள நீளமாக வெட்டித் தொப்பியில் தோகை வைத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவள், "அத்தா, என்னைய யாரும் கடிச்சிருவாங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

ஒத்திகை அன்று அவளை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்து அழைத்துப் போனேன். வழியெல்லாம் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, தோகையைச் சரிசெய்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன்.

மேடைக்கு அருகே ஏழு பிள்ளைகள் நின்றார்கள். ஏழு பேரும் சிவப்பும் வெள்ளையும் சாய்வாகக் கோடு போட்ட உடையில் இருந்தார்கள். தலைக்கு மேலே கைத்தடியின் பிடி போல வளைந்த தொப்பி. ஒரு கணம் நாங்கள் வேறு வகுப்புக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தேன். பிறகு அவளுடைய மிஸ் அங்கே நிற்பது தெரிந்தது.

ஒரு சிறுவன் இவளை மேலும் கீழும் பார்த்து, "நீ என்னா?" என்று கேட்டான்.

"நான் கரும்பு," என்றாள், தெளிவாக.

சுற்றி நின்ற தாய்மார்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அடக்க முடியாமல் வருகிற சிரிப்பு. ஒரு அம்மா செல்போனை எடுத்துப் படம் பிடித்தார். அந்தச் சிரிப்பு எதற்கு என்று என் மகள் ஏழு பேரையும் பார்த்தாள், தன் உடையைக் குனிந்து பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. என் விரலைப் பிடித்திருந்த அவள் கை இறுகியது.

மிஸ் ஓடி வந்தார். சின்ன வயதுப் பெண். மூலையில் நின்ற கிறிஸ்துமஸ் மரத்திலிருந்து ஒரு மிட்டாயைக் கழற்றி என் கையில் கொடுத்து, "இதுதான் சார் கேண்டி கேன். அன்னைக்கு கிளாஸ்ல எல்லாருக்கும் காட்டினேன். பாப்பா லீவு போல," என்றார். சிவப்பு வெள்ளைக் கோடு சுற்றிய, தலை வளைந்த குச்சி மிட்டாய். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். காது சுட்டது.

அப்போது என் மகள் மிஸ்ஸின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ், அத்தாவுக்குத் தெரியும் மிஸ். நான்தான் கரும்புன்னு சொல்லிட்டேன்."

அந்த வார்த்தையில் நான் உடைந்துபோனேன். ஐந்து வயதுப் பிள்ளை. என்னைப் பார்த்து யாரும் சிரித்துவிடாமல் குறுக்கே வந்து நிற்கிறாள். தப்பு என்னுடையதுதான் என்று நான் மிஸ்ஸிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"பரவால்ல சார். டிரஸ் வாடகைக்குக் கிடைக்கும். எடுத்துக்கலாம்," என்றார் மிஸ்.

"நானே தச்சிருறேன் மிஸ். இது மட்டும் கையில இருக்கட்டும்," என்று அந்த மிட்டாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கடைக்குத் திரும்பினோம். தோகைத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்பாஞ்சு மீது உட்கார்ந்துவிட்டாள். நான் மிட்டாயை மேஜையில் வைத்து அளவெடுத்தேன். பார்ப்பதற்கு எளிதாக இருந்தது. அந்தச் சாய்வுக் கோடுதான் பிடிபடவில்லை. சிவப்பையும் வெள்ளையையும் ஒட்டுப் போட்டுத் தைத்தால் வளையல் மாதிரி நேர் வட்டமாக வந்தது. மிட்டாயை உருட்டி உருட்டிப் பார்த்தபோதுதான், சிவப்பு ஒரே கோடாகக் கீழிருந்து மேல்வரை சுற்றிக்கொண்டே போகிறது என்று தெரிந்தது. வெள்ளைக் குழாய் தைத்து, அவளை அதற்குள் நிற்க வைத்து, சிவப்புப் பட்டியைக் கணுக்காலில் தொடங்கிச் சாய்வாகச் சுற்றிக்கொண்டே வந்தேன்.

"அத்தா," என்றாள், நான் அவள் முழங்கால் அருகே குண்டூசி குத்திக்கொண்டிருந்தபோது. "அம்மாகிட்ட சொல்லிருவியா?"

"சொல்லணுமா?"

"வேணாம். அம்மா சிரிச்சா வயித்துக்குள்ள பாப்பா குலுங்கிரும்."

"சரி, சொல்லல." பிறகு வேலையை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "தப்பு உன்னுது இல்ல தாயி. அத்தாவுக்கு இங்கிலீசு சரியாப் படிக்கத் தெரியாது. அதான்."

"தெரியும்," என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"நீ டைரிய விரல வச்சு வச்சுப் பாத்தில்ல."

ஊசியில் மறுபடி கண்ணை வைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் நாங்கள் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. தாய்மார்களின் வாட்ஸப் குழுவில் கரும்பு ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. மாலை அஸர் தொழுகை முடிந்து நான் கடையில் உட்கார்ந்ததும் வீடியோ அழைப்பு வந்தது. சிரித்துச் சிரித்து என் மனைவியின் கண்ணில் தண்ணீர் நின்றது. சிரிப்பு அடங்கியதும் முகம் மாறியது.

"ஏனுங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஆகாதுங்களா?"

"உன்னையப் படுக்கச் சொல்லியிருக்காங்க. எதுக்குத் தொந்தரவுன்னு..."

"படுத்துக்கிட்டே படிச்சுச் சொல்ல மாட்டேனுங்களா? நான் இங்க நாள் பூராவும் மேல சுத்தற காத்தாடியத்தானே பாத்துக்கிட்டுக் கெடக்கறேன்."

அவளுக்கும் அங்கே ஒரு தனிமை இருக்கிறது என்பது அதுவரை என் மண்டையில் ஏறவே இல்லை. அவளுக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்று நினைத்து, அவளை எல்லாவற்றிலிருந்தும் ஒதுக்கி வைத்திருந்திருக்கிறேன். போனைத் தையல் மெஷின் மீது சாய்த்து வைத்தேன். அதன் பிறகு அந்த உடையை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் தைத்தோம்.

வளைந்த தொப்பிதான் பாடாய்ப் படுத்தியது. சீட்டுக்குப் போடும் ஸ்பாஞ்சை வெட்டி, உள்ளே கட்டுக்கம்பி வைத்து வளைத்தேன். தலையில் வைத்ததும் பாரம் தாங்காமல் பிள்ளை முன்னால் குப்புற விழப் பார்த்தாள். "உள்ளாற கொடைஞ்சு எடுத்துருங்க. நாடாவ நாடிக்குக் கீழ கட்டாதீங்க, கழுத்துக்குப் பின்னால கட்டுங்க," என்று போனிலிருந்து உத்தரவு வந்தது. அப்படியே செய்தேன். இரண்டு முறை தலையை ஆட்டினாள். தொப்பி நின்றது. மறுநாள் பள்ளியில் போட்டுக் காட்டியபோது மிஸ் தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம்.

விழா அன்று கூட்டம் நிறைந்திருந்தது. எனக்குக் கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்கத்தான் இடம் கிடைத்தது. மனைவிக்கு வீடியோ அழைப்புப் போட்டுப் போனைச் சட்டைப் பையில் வெளியே பார்க்கும்படி செருகிக்கொண்டேன். எட்டு கேண்டி கேன்களும் வரிசையாக மேடைக்கு வந்தன. பாட்டு தொடங்கியது. ஏழு பேர் கையைத் தூக்கினார்கள். என் மகள் தூக்கவில்லை. கூட்டத்தை மிரண்டு போய்ப் பார்த்தபடி நின்றாள். அன்று சிரித்த முகங்களை அவள் தேடுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. உதடு கோணியது. இன்னும் ஒரு கணத்தில் அழுதுவிடுவாள்.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. கையை மேலே தூக்கி இரண்டு ஆட்டு ஆட்டினேன். இடுப்பில் கை வைத்துச் சுற்றினேன். என் அசைவைப் பார்த்து அவள் கண் என்மீது நின்றது. தோளைக் குலுக்கினேன். பக்கத்தில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். தாடி வைத்த ஆள், கைலியை மாற்றிப் பேன்ட் போட்டுக்கொண்டு வந்தவன், நடுக்கூடத்தில் தோளைக் குலுக்கினால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? முன்வரிசைகள் திரும்பின. சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தது எனக்கு. மேடையில் எட்டாவது கேண்டி கேனும் கையைத் தூக்கியது. பாட்டு முடியும் வரை அவள் என்னைப் பார்த்து ஆடினாள், நான் அவளைப் பார்த்து ஆடினேன். சட்டைப் பைக்குள்ளிருந்து, "ஆடாதீங்க, எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க," என்று ஒரு குரல் கத்திக்கொண்டே இருந்தது.

ஆடிய பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கேண்டி கேன் கொடுத்தார்கள். அங்கேயே காகிதத்தைப் பிரித்து வாயில் வைத்தவள், மூச்சை உள்ளே இழுத்துக் கண்ணை அகல விரித்தாள். "அத்தா, வாய்க்குள்ள காத்து ஜில்லுங்குது!" எனக்கும் ஒரு நக்கு கொடுத்தாள். பெப்பர்மிண்ட். அதன் பிறகு வாயில் வைக்கவில்லை. மிச்சத்தை அம்மாவுக்கு என்று காகிதத்தில் சுற்றிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பாலசமுத்திரம் போனோம். பஸ்ஸில் மிட்டாயைக் கையில் பிடித்தபடியே வந்தாள். ஒட்டன்சத்திரத்தில் தூங்கிவிட்டாள். அப்போதும் பிடி விடவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். ஓடவில்லை. என் காலுக்குப் பின்னால் நின்று, கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த அம்மாவை யாரோ போலப் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, அம்மாகிட்ட வர மாட்டியா?" என்றாள் என் மனைவி.

அவ்வளவுதான். இத்தனை நாளும் காய்ச்சலுக்கும் அழாத பிள்ளை, கோணல் சடைக்கும் அழாத பிள்ளை, கூடத்தில் எல்லோரும் சிரித்தபோதும் அழாத பிள்ளை வாய்விட்டு அழுதது. கட்டிலில் ஏறி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, விக்கி விக்கி, வெகுநேரம் அழுதது. வயிற்றில் இடிக்காமல் அவளைப் பக்கவாட்டில் அணைத்துக்கொண்டு என் மனைவி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அழுகை ஓய்ந்து விலகப் பார்த்தபோது, கை வரவில்லை. பஸ் சூட்டில் இளகிய மிட்டாய், காகிதத்தை விட்டு வெளியே வந்து, அம்மாவின் அவிழ்ந்த கூந்தலில் நன்றாகப் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான் போய் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்தேன். மனைவியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, துணியை நனைத்து நனைத்து, ஒவ்வொரு முடியாகப் பிரித்தெடுத்தேன். அவள் அப்படியே தூங்கிப்போனாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவாத்தா, மெதுவா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.