ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுக் கேட்ட நாகஸ்வரம்

சேலத்தில் ஒரு கல்லூரியில் முப்பது வருடங்களுக்கு மேல் இயற்பியல் நடத்தினேன். ஓய்வு பெற்றதும் நானும் மனைவியும் ஏற்காட்டில், கரடியூர் போகும் சாலையில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. எழுத வேண்டியது அவளைப் பற்றித்தான். ஆனால் ஒரு பெட்டியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

கம்ப்யூட்டரில் எண்களாகக் கிடக்கும் இசையைக் காதுக்கு ஒலியாக மாற்றித் தரும் பெட்டி அது. டாக் என்பார்கள். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. வாங்கிய மாதமே மூடியைக் கழற்றிவிட்டேன். கூட வந்த மட்டமான அடாப்டரை ஒதுக்கிவிட்டு, நல்ல டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத் தனியாக மின்சாரம் கொடுத்தேன். கெப்பாசிட்டர்களைப் பிடுங்கி உயர்ந்ததாகப் போட்டேன். ஒலியைப் பெருக்கும் சில்லை மாற்றினேன், பிடிக்காமல் மறுபடி மாற்றினேன். ஒவ்வொரு முறையும் அதே நாகஸ்வர ஒலிப்பதிவைத்தான் போட்டுக் கேட்பேன். ஒரு நாள் வாசிப்பவர் மூச்சு இழுப்பது கேட்டது. அடுப்படியில் இருந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அவுரு மூச்சு உடறதெல்லாம் நமக்கு எதுக்குங்க? வாசிக்கறதக் கேட்டாப் பத்தாதா?" என்றாள். ஆனால் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள்.

மிச்சம் இருந்த ஒரே தொந்தரவு ஃப்ரிட்ஜ். அது ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் ஸ்பீக்கரில் 'டப்' என்று அடிக்கும். என்ன செய்தும் போகவில்லை. மாலையில் நான் கேட்கும் மூன்று மணி நேரமும் ஃப்ரிட்ஜை அணைத்துவிட முடிவு செய்தேன். பால் கெடாமல் இருக்க ஒரு வழியும் வைத்திருந்தேன். பகலெல்லாம் குளிரைக் கடைசி எண்ணில் திருப்பிவிடுவது; உள்ளே சேரும் குளிர் மாலையைத் தாங்கிவிடும். வகுப்பில் சொல்லத் தகுந்த ஏற்பாடு என்று எனக்கே பெருமையாக இருந்தது.

"ஏனுங்க, தயிருல கரண்டி எறங்க மாட்டேங்குது."

"அப்படின்னா ஏற்பாடு வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

மேல் தட்டில் பின்சுவரை ஒட்டி அவளுடைய இன்சுலின் இருந்தது. உறைந்துபோன இன்சுலின், உருகினாலும் வேலைக்கு ஆகாது. அது எனக்குத் தெரியும். நான் நினைத்துப் பார்க்கவில்லை.

சில வாரங்களில் அவள் தளர்ந்துபோனாள். தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். சேலத்துக்கு இறங்கி டாக்டரிடம் போனோம். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவர், "ஏம்மா, மருந்து போடறவங்க சர்க்கரை மாதிரியே இல்லையே. என்ன சாப்பிட்டீங்க?" என்றார்.

"எப்பவும் திங்கறதுதானுங்க."

நான் முந்திக்கொண்டேன். "பலாப்பழம் சாப்பிட்டா, டாக்டர்."

இரண்டு சுளை தின்றிருந்தாள். டாக்டர் சின்னப் பிள்ளையைத் திட்டுவதுபோலத் திட்டினார். அவள் பையின் காதை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

எப்போதும் அவளே மருந்தை எடுத்து வெளியே வைத்து, குளிர் விட்ட பிறகு போட்டுக்கொள்வாள்; அன்று வீடு திரும்பியதும் எடுத்தது நான். அட்டைப்பெட்டியோடு பனிக்கட்டி ஒட்டியிருந்தது. அந்த இடத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது. கடைவீதிக்கு ஓடிப் புது மருந்து வாங்கி வந்தேன். பழையதைக் குப்பையில் போட்டேன். குளிரை நடு எண்ணுக்குத் திருப்பினேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சர்க்கரை இறங்கியது. "பாத்தீங்களா, பழத்தை விட்டதும்?" என்றார் டாக்டர். நானும் தலையாட்டினேன்.

ஏன் சொல்லவில்லை என்றால், வெட்கம். இயற்பியல் வாத்தியார் தயிரை உறைய வைத்துப் பெருமைப்பட்ட கதையைச் சொல்ல வேண்டியிருக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். அதன் பிறகு அவள் பலாப்பழத்தைத் தொடவில்லை. யாராவது கொண்டுவந்து நீட்டினால், "எனக்கு வேண்டாஞ் சாமி, இவரு டாக்டர்கிட்டப் போட்டுக் குடுத்துருவாரு" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அடுத்த வருடம் ஒரு காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். அந்தச் சில வாரங்களுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று நான் யாரையும் கேட்கவில்லை.

வீட்டு வேலைக்கு வாழவந்தியிலிருந்து ஒரு பெண் வருகிறாள். மனைவி இருந்த காலத்திலிருந்தே வருபவள். போன மாதம் பாதிப் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்றேன்.

"ஏனுங்க சார், அம்மாதான் திங்காமப் போனாங்க. நீங்களுமா?"

"அவ திங்காமப் போனதே என்னாலதான்மா. பழத்தால சர்க்கரை ஏறல. மருந்தை நான்தான் உறைய வெச்சுட்டேன்."

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவள் கத்தியில் எண்ணெய் தடவிக்கொண்டே, "அது அம்மாவுக்குத் தெரியுமுங்களே" என்றாள்.

"எப்படி?"

"குப்பையில மருந்து பாதிகூடத் தீராமக் கெடந்துச்சு. பொட்டியெல்லாம் ஊறிப்போயி. நாந்தான் எடுத்துக் காட்டுனேன். தயிரு ஒறஞ்சா மருந்து ஒறயாதான்னு அம்மாவே சொல்லிப்போட்டாங்க."

"வேறென்ன சொன்னா?"

"'நீ கேட்டுப்போடாத, அவுராச் சொல்லட்டும்'னாங்க. கொஞ்ச நாளு கழிச்சு, சொன்னாருங்களாம்மான்னு கேட்டேன். 'இன்னும் இல்ல'ன்னு சிரிச்சாங்க."

"பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

"அத எங்கிட்டச் சொல்லி என்னங்க சார் ஆவுது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சுளைகளை ஒரு சட்டியில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

டாக்டரிடம் போட்டுக் கொடுத்துவிடுவார் என்ற அந்தக் கிண்டலைச் சொல்லும்போதெல்லாம் மனைவி என் பக்கம் திரும்பிக் கொஞ்சம் நிறுத்துவாள். ஆறேழு முறையாவது அப்படி நிறுத்தியிருப்பாள்.

மாலையில் பனி இறங்கி ஜன்னலை மூடியது. டாக்கைப் போட்டு அதே நாகஸ்வரத்தை வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. நடுவில் ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கி, ஸ்பீக்கரில் 'டப்' என்றது. அணைக்கலாம் என்று எழுந்தேன். உள்ளே பலாச்சுளை இருப்பது நினைவுக்கு வந்து, திரும்ப உட்கார்ந்துகொண்டேன்.