அப்பாவின் வலது கை

எனக்கு ஒன்பது வயதானபோது, கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு வலது கை விரல்கள் நான்கு போயின. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. சில மாதம் கழித்து அதே கம்பெனி அவரைக் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்தது.

அப்பா அதற்கும் ஆண்டவருக்கு நன்றி சொன்னார். யார் வந்து உச்சுக்கொட்டினாலும், "உயிரு கீது, சோறு கீது, இன்னா கொறச்சல்?" என்று சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. கம்பெனிக்காரர்களோடு ஒரு சண்டையாவது போட்டிருந்தால் பள்ளியில் சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

அவர் மறுபடி சபைக்கு வரத் தொடங்கிய புதிது. கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் தகரக்கூரை போட்ட சின்ன சபை அது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் அப்பாவோடு உட்காருவேன். அந்த ஞாயிறு என் வகுப்புத் தோழியும் அவள் தங்கையும் தங்கள் அப்பாவோடு புதிதாக வந்து எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பாடல் ஆரம்பித்ததும் எல்லோரையும் போல அப்பாவும் இரண்டு கைகளையும் உயர்த்தினார். தோழி திரும்பிப் பார்த்தாள். தங்கையை விலாவில் இடித்து அவளையும் பார்க்க வைத்தாள்.

நான் அப்பாவின் வலது முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.

"கைய எறக்குப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

அப்பா என்னைப் பார்த்தார். கையை இறக்கி, சட்டைக் கையை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். பாட்டை நிறுத்தவில்லை. இடது கை மட்டும் மேலே இருந்தது.

திரும்பும் வழியில், "கோவமாப்பா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்குக் கோவம்? உனுக்குப் பசிக்குதா?" என்று ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் வடை வாங்கிக் கொடுத்தார். மற்றதைப் போல இதையும் அவர் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். சிரிக்கிறவருக்கு வலிக்காது என்று நம்பிய வயது. வடையை ருசித்துத் தின்றேன்.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஆராதனையில் அப்பா குரலெடுத்துப் பாடினார், இடது கையை மட்டும் உயர்த்தி. இத்தனை வருடமும் அப்படித்தான். வீட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அந்தக் கையைப் பற்றி மெல்லப் பேச்செடுத்தேன்.

"வெரலு போன புதுசுல, பாக்க வந்தவங்க முன்னாடி சிரிப்பாரு. அவுங்க போனதும் செவுத்தப் பாத்துக்கினு படுத்துக்குவாரு. பாஸ்டர் வந்தாகூட கண்ணு தொறக்க மாட்டாரு. ஆண்டவர்கிட்ட பேச வாய் வரலன்னு எங்கிட்ட மட்டும் சொல்லுவாரு. அப்பால ஒரு நாயித்துக்கெழம, சபையில ரெண்டு கையையும் தூக்குனாரு. அந்தக் கைய மொத மொதல்ல அன்னிக்குத்தான் தூக்குனாரு. இந்தாண்ட பொம்பளைங்க பக்கத்துலேர்ந்து பாத்துக்கினு அழுதுட்டேன். மனுசன் தேறிட்டாருன்னு. அப்புறம் ஏனோ தூக்கவே இல்ல. கேட்டா சிரிக்கிறாரு. நீ கேட்டுப் பாரு, உங்கிட்ட சொல்லுவாரு."

அப்பா இத்தனை வருடத்தில் அம்மாவிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கேட்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். கேட்கவில்லை.